அண்ணாச்சி பிளெக்சிபிள் ஆன வருடம்

வேலையை விடுவதற்காகத்தான் அன்று அலுவலகத்துக்குப் போனேன். கைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. மகளுடைய கோடுபோட்ட நோட்டில் கிழித்த தாள். வேறு தாள் தேட நேரமில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு என் மாமனார் மீன் ஏலக்கூடத்தின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து தகடு வைத்து, மூன்று மாதம் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். மாமனார் விழுந்த அன்று அவர் கப்பல் ஏறிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது; ஒன்பது மாதம் கழித்துத்தான் இறங்க முடியும். வேம்பாரில் இருந்த என் அம்மா, தம்பி மனைவியின் பிரசவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நான்காம் வகுப்பு. ஆக, மாமனாரைக் குளிப்பாட்டுவதில் இருந்து மகளுக்குத் தலை பின்னுவது வரை எல்லாம் நான் ஒருத்திதான்.

எங்களுடையது ஏற்றுமதி சரக்குகளுக்குச் சுங்கத்துறையில் ஆவணம் போட்டுக் கொடுக்கும் சின்ன ஏஜென்சி. கயிறும் தார்ப்பாயும் விற்கும் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மொத்தமே மூன்று பேர். முதலாளி அண்ணாச்சி, கம்ப்யூட்டரில் ஆவணம் போடுகிற நான், துறைமுகத்துக்கும் சுங்க அலுவலகத்துக்கும் பைக்கில் அலைகிற ஒருவர். அவரை எல்லோரும் வார்ஃப் அண்ணன் என்போம்.

அண்ணாச்சி எந்தத் தாளையும் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டார். என் கடிதத்தையும் அப்படித்தான் படித்தார். தேதிக்கு ஒரு டிக். என் பெயருக்கு ஒரு டிக். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்ற இடத்தில் வட்டம் போட்டு நிமிர்ந்தார்.

"குடும்பச் சூழ்நிலைன்னு மொட்டையாப் போட்டா எப்படிம்மா? என்ன சரக்குன்னு விவரம் இல்லியே."

விவரம் சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையில் இருந்து ஒரு நீல ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். போன வாரம் ஒரு ஓட்டலில் வியாபாரிகளுக்காக ஒருநாள் வகுப்பு நடந்திருக்கிறது, ஊழியர்களை எப்படி நடத்த வேண்டும் என்று. மத்தியானச் சாப்பாட்டுக்காகத்தான் போனதாக அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் சென்னையில் இருந்து வந்த ஒரு அம்மா பேசிய பேச்சில் ஒரு வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஃபைலின் முதல் பக்கத்தில் அதைத் தமிழில் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்: பிளெக்சிபிள்.

"இனிமே நம்ம ஆபீஸ் பிளெக்சிபிள்," என்றார். "நீ எப்பம் வேணும்னாலும் வா, எப்பம் வேணும்னாலும் போ. ஆனா எப்பம் வாரே, எப்பம் போறேன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதிமூன்று வருடம் வேலை பார்த்த இடம். கடிதத்தை அவர் நீல ஃபைலுக்குள் வைத்து மூடினார். நான் வீட்டுக்கு வந்து, என் ஒரு நாளை அரை மணி அரை மணியாக எழுதி மறுநாள் கொடுத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

அண்ணாச்சிக்குத் தெரிந்த கால அட்டவணை ஒன்றே ஒன்றுதான்: துறைமுகத்துக் கப்பல் பட்டியல். என்றைக்கு எந்தக் கப்பல் வருகிறது, எந்தத் தளத்தில் கட்டுகிறது, எப்போது புறப்படுகிறது, குறிப்பு என்ன என்று கட்டம் கட்டமாக இருக்கும். என் நாளையும் அவர் அதே கட்டங்களுக்குள் ஏற்றி, வார்ஃப் அண்ணனை டைப் செய்யச் சொல்லி, சுவரில் கப்பல் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். "மாமனார் – குளியல். வரத்து 7.15. தளம்: பின்கட்டு. புறப்பாடு 7.50. குறிப்பு: வெந்நீர்." அதற்குக் கீழே, "மகள் – பள்ளி. புறப்பாடு 8.20. குறிப்பு: இரட்டைச் சடை." எனக்கென்று ஒரு வரியும் இருந்தது. "காலை உணவு – உறுதி செய்யப்படவில்லை."

அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்தார்கள். படித்தவர்கள் மறக்கவும் இல்லை. காய்ந்த பூக்களை ஹாலந்துக்கு அனுப்பும் ஒரு ஏற்றுமதியாளர் ஒருநாள் எனக்குப் போன் செய்து, சுங்கத்துக்கான பில் எப்போது தயாராகும் என்று கேட்டுவிட்டு, "இன்னைக்கு உங்க மாமனார் இருவது நிமிசம் லேட்டாமே?" என்று அக்கறையாக விசாரித்தார்.

தாமதம் ஏற்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் விதி. கப்பல் தாமதமானால் தெரிவிப்பதில்லையா? நான் தெரிவிக்க மறந்தால் அவரே கேட்பார். மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். கை ஈரமாக இருப்பதால் ஸ்பீக்கரில் போடுவேன். "குளியல் முடிஞ்சுட்டாம்மா?" என்று அண்ணாச்சி குரல் பின்கட்டெங்கும் கேட்கும். சோப்பு நுரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு மாமனார், "ஏளா, எவம்லே அது?" என்பார்.

மாமனார் நாற்பது வருடம் கப்பலில் இருந்தவர். கடைசிப் பதினைந்து வருடம் போசன், அதாவது கப்பல் தளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவர். அவருக்கு உத்தரவு போடத் தெரியும்; உத்தரவு வாங்கத் தெரியாது. கட்டிலில் கிடந்தபடி கத்திக் கத்திக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனதும், பெட்டியில் இருந்து தன் பழைய விசிலை எடுக்கச் சொன்னார். ஒரு விசில் அடித்தால் தண்ணீர். இரண்டு விசில் அடித்தால் சிறுநீர்ப் பாத்திரம். நீளமாக அடித்தால் மின்விசிறி. எனக்கும் மகளுக்கும் ஒரே நாளில் பழகிவிட்டது.

இப்படி மூன்று வாரம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நான் நாளைக்கு நாலு தடவை ஸ்கூட்டியில் ஓடினேன். என் முகத்தைப் பார்த்து அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "நீ எதுக்கும்மா அலையுத? ஆபீஸ அலைய விடுவோம்," என்றார். கம்ப்யூட்டரை மட்டும் வீட்டில் வைத்துத் தருவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை குட்டியானை வண்டி ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. கம்ப்யூட்டர் இறங்கியது. கம்ப்யூட்டர் இருந்தால் பிரின்டர் வேண்டும் என்று அதுவும் இறங்கியது. பிரின்ட் எடுத்தால் சீல் வைக்க வேண்டும், அதனால் ரப்பர் ஸ்டாம்ப் தாங்கி. நடப்பு ஃபைல்கள் இருக்கும் இரும்பு ரேக். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஆடுகிறது என்பதால் அலுவலக மேசை. வார்ஃப் அண்ணன் கடைசியாகத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முன்னறையில் ஒரு பக்கம் மாமனாரின் இரும்புக் கட்டில், மறுபக்கம் எங்கள் ஏஜென்சி. இரண்டுக்கும் நடுவே நடந்துபோக ஒரு முழ இடம்.

மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கிடந்தார். வண்டி போனதும், "லைசென்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்தார். ஒவ்வொரு ஆவணத்துக்கும் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அது பென்டிரைவ் போன்ற ஒரு சின்னக் குச்சி. அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணை அடித்தால்தான் கையெழுத்து விழும். அந்தக் குச்சியை அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துக் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் போட்டிருப்பார். ரகசிய எண்ணைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொன்னதில்லை. ஆகவே கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறதோ அங்கே அவர் கழுத்தும் வந்தாக வேண்டும். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் பத்து நிமிடம் இருந்தார். மறுநாள் ஒரு மணி நேரம். அந்த வாரக் கடைசியில் அவருடைய சுழலும் நாற்காலி வந்தது. அதற்கடுத்த வாரம் சுவர் அட்டவணை இரண்டும் வந்து எங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே ஒட்டப்பட்டன. பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் இருந்து காலை எட்டரைக்கெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். நான் மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது அவர் நாற்காலியில் அமர்ந்து, மாமனார் குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "ஆறு நிமிசம் முன்னாடியே வந்துட்டியே," என்று பாராட்டுவார்.

அவர் மேல் குறை சொல்ல முடியாது. மாமனார் விசில் அடித்தால் நான் எழுவதற்கு முன் அவர் எழுந்துவிடுவார். ஒரு விசிலுக்குத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு விசிலுக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பாத்திரத்தை நீட்டினார். மத்தியானம் நான் சமைக்கும்போது வெங்காயம் உரித்துக் கொடுத்தார். ஆனால் சமைக்கும்போதும், பரிமாறும்போதும், மாமனாருக்கு மாத்திரை கொடுக்கும்போதும் அவருடைய இன்னொரு பாதி ஃபைல் படித்துக்கொண்டே இருக்கும். ரசத்துக்குத் தாளிக்கும்போது கன்டெய்னர் நம்பரை இரைந்து வாசிப்பார். நான் கரண்டியோடு அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒருநாள் குழம்பில் உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியாமல் போக, மாமனார்தான் கட்டிலில் இருந்து, "ஏழாவது நம்பர் சொல்லும்போது போட்ட," என்றார்.

கணவர் கப்பலில் இருந்து அழைப்பது இணையம் கிடைக்கும் நாளில் மட்டும்தான். அப்படி ஒருநாள் வீடியோவில் வந்தார். அன்று காலையில் அண்ணாச்சியின் வேட்டி முழுக்க டீ கொட்டியிருந்தது. அதைத் துவைத்துப் போட்டுவிட்டு, அவசரத்துக்கு என் கணவரின் சாரம் ஒன்றை, லுங்கியைத்தான், கொடுத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு, முன்னறை நடுவில் சுழலும் நாற்காலியில், மடியில் ஃபைலோடு அவர் உட்கார்ந்திருந்தார். நான் போனைத் திருப்பியபோது அவரும் திரையில் விழுந்துவிட்டார். கணவர் முகம் திரையில் அசையாமல் நின்றது. இணையம் நின்றுவிட்டதென்று நினைத்தேன்.

"அங்கன என் சாரத்தக் கட்டிக்கிட்டு இருக்கது யாரு?" என்று நிதானமாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி போனை வாங்கிவிட்டார். நலம் விசாரித்தார். வேட்டி விஷயத்தைச் சொன்னார். பிறகு மிகுந்த கவலையோடு, "தம்பி, உங்க கம்பெனி பிளெக்சிபிளா?" என்று கேட்டார். கடலுக்கு நடுவில் இருந்த என் கணவர், இல்லை அண்ணாச்சி என்றார். அண்ணாச்சி வருத்தப்பட்டுத் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் கணவர் முதலில் கேட்டது என்னைப் பற்றி அல்ல. "ஆபீஸ் வீட்ட விட்டுப் போயிட்டா?" என்பார்.

மகளும் இதற்குள் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். மேசையின் இடது பக்கத் தட்டில் எந்தத் தாளை வைத்தாலும் அது மாலைக்குள் கையெழுத்தாகித் திரும்பி வந்துவிடுகிறது. அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டை வந்த அன்று, அதில் பெற்றோர் கையொப்பம் வேண்டியிருந்தது. கணக்கில் நாற்பத்தொன்று. என்னிடம் காட்ட அவளுக்கு விருப்பமில்லை. தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். பென்சில் இல்லாமல் எந்தத் தாளையும் படிக்காத அண்ணாச்சி, கையெழுத்துப் போடும்போது மட்டும் எதையும் படிக்க மாட்டார். நான் படித்துத்தான் வைத்திருப்பேன் என்ற நம்பிக்கை. கையெழுத்துப் போட்டு "அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்" என்ற சீலையும் குத்தினார். காய்ந்த பூக்களுக்கான மூல ஆவணங்களோடு சேர்ந்து அட்டை அன்று மாலையே கூரியரில் ஹாலந்து போய்விட்டது.

அட்டையைக் காணோம் என்று நாங்கள் நாலு நாள் வீட்டைப் புரட்டினோம். ஐந்தாம் நாள் பூ வாங்குகிற ஹாலந்துக் கம்பெனியில் இருந்து மின்னஞ்சல் வந்தது. ஆவணங்கள் அனைத்தும் சரியாக உள்ளன என்று எழுதியிருந்தார்கள். கூடுதலாக ஒரு சான்றிதழ் இருப்பதாகவும், அதில் ஐந்தாவது வரியில் உள்ள 41 என்பது கிலோவா பெட்டியா என்று தெரிவிக்க வேண்டும் என்றும், பேக்கிங் பட்டியலோடு அது ஒத்துப்போகவில்லை என்றும் கேட்டிருந்தார்கள். அட்டையில் இருந்த என் மகளின் போட்டோவைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மகள் அழுதுவிட்டாள். நான் திட்டுவதற்கு வாய் திறந்தேன். அண்ணாச்சி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர் கேள்விக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். 41 என்பது நூற்றுக்கு. குறைபாடு எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. அடுத்த காலாண்டுக்குள் சரிசெய்யப்படும். தயவுசெய்து மூலச் சான்றிதழைத் திருப்பி அனுப்பவும்.

திருப்பி அனுப்பினார்கள். பின்பக்கத்தில், பெறப்பட்டது என்று அவர்கள் மொழியில் ஒரு சிவப்பு முத்திரையும் இருந்தது. வகுப்பு ஆசிரியை அட்டையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் இருப்பவர் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் சொன்ன பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்து, சொல்லியிருக்க வேண்டாம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து அண்ணாச்சி தினமும் மாலை நாலரை மணிக்கு மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நாற்பதடிக் கன்டெய்னரில் எத்தனை பெட்டி அடுக்கலாம் என்கிற கணக்கு மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவள் அதில் தேறிவிட்டாள். பள்ளியில் அதைக் கேட்கவே இல்லை.

எல்லாம் ஒரு முடிவுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

கூகுள் வரைபடத்தில் எங்கள் ஏஜென்சியின் இடத்தை அண்ணாச்சி யாரிடமும் சொல்லாமல் எங்கள் வீட்டுக்கு மாற்றி வைத்திருந்தார். அன்று ஒரு கன்டெய்னரைத் துறைமுகத்துக்குள் ஐந்து மணிக்குள் சேர்க்க வேண்டும். விட்டால் கப்பல் போய்விடும். வார்ஃப் அண்ணன் டிரெய்லர் டிரைவருக்குப் போன் செய்து, ஆபீசுக்குப் போய் ஆவணத்தை வாங்கிக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறார். வழக்கமாக டிரெய்லர் மெயின் ரோட்டில் நிற்கும். டிரைவர் நடந்து வருவார். இந்த டிரைவர் எட்டயபுரத்துக்காரர், எங்கள் ஏஜென்சிக்குப் புதிது. போன் காட்டிய வழியில், நாற்பதடிக் கன்டெய்னரோடு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்.

இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு அது. எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு குருசடி, சிலுவை வைத்த சின்னக் கட்டடம், இருக்கிறது. அந்த வளைவில் டிரெய்லரின் தலை ஒரு வீட்டுப் படிக்கட்டிலும், வால் குருசடிச் சுவருக்கு அரையடி தள்ளியும் நின்றுவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. தெருவில் உள்ள அத்தனை பேரும் வெளியே வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கழுத்தில் கையெழுத்துக் குச்சி ஆட, அண்ணாச்சி வண்டிக்கு முன்னால் நின்று "வா, வா" என்றார். பின்னால் நின்ற வார்ஃப் அண்ணன் "போ, போ" என்றார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது மணி இரண்டே முக்கால்.

மாமனார் மூன்று மாதம் முடிந்தும் காலைத் தரையில் ஊன்றாமல் இருந்தார். பிசியோதெரபி செய்ய வருகிற பெண் வாக்கரைக் கொண்டுவந்து வைத்துக் கெஞ்சிப் பார்த்தாயிற்று. மறுபடியும் விழுந்துவிடுவோம் என்ற பயம். அதை வெளியே சொல்லாமல், அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லிவந்தார். அன்று சன்னல் வழியே டிரெய்லரைப் பார்த்தபடி பத்து நிமிடம் கிடந்தார். அவர் தாடை இறுகுவதை நான் பார்த்தேன்.

"ஏளா, அந்த வாக்கர இங்கன கொண்டா," என்றார்.

நான் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். கட்டிலில் இருந்து எழுந்து நின்றார். ஒவ்வொரு அடியாக, மேசையையும் ரேக்கையும் உரசிக்கொண்டு, வாசல்வரை போனார். சட்டை இல்லை; சாரமும் கழுத்தில் விசிலும் மட்டும். வாசலில் நின்று தெருவே காதைப் பொத்துகிற மாதிரி ஒரு விசில் அடித்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். டிரைவரைப் பார்த்து, ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் பின்னால் வர வேண்டும், வேறு எந்த மனிதன் சொல்வதையும் கேட்கக் கூடாது என்றார். டிரைவர் சரி என்று இன்ஜினைப் போட்டார்.

மாமனார் இரண்டு விசில் அடித்தார். டிரெய்லர் பின்னால் அசைந்தது. பள்ளிக்குப் போகாமல் காய்ச்சலில் படுத்திருந்த மகள், உள்ளே இருந்து சிறுநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

அவளைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி இரண்டு விசில். மறுபடி வந்து நின்றாள். மூன்று மாதப் பழக்கம், அவளால் நிறுத்த முடியவில்லை. கடைசியில் பாத்திரத்தோடு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். வண்டி ஒரு சாண் போகும், நிற்கும், திரும்பும். அப்படியே ஒரு மணி பத்து நிமிடம். குருசடிச் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. டிரெய்லர் மெயின் ரோட்டை அடைந்ததும் தெரு முழுக்கக் கை தட்டியது. மாமனார் வாக்கரைப் பிடித்தபடி, தட்டுகிறவர்களைப் பார்க்காமல், வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இப்போது நிஜமாகவே பாத்திரம் வேண்டும் என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

கன்டெய்னர் நாலே முக்காலுக்கு உள்ளே போய்விட்டது. வீட்டில் திருவிழாதான். அண்ணாச்சி தெருவுக்கே மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். முன்னறையில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். பிரின்டருக்கு மேல் யாரோ டீ டம்ளர் வைத்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார ஓரிடம் வேண்டியிருந்தது. கட்டிலில் இடமில்லை, அடுப்படியில் வார்ஃப் அண்ணன் டீ போட்டுக்கொண்டிருந்தார், உள்ளறையில் பின்னால் வந்து சேர்ந்த பழைய ஃபைல்கள். பின்கட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, மாமனாரைக் குளிப்பாட்டும் நாற்காலியில் உட்கார்ந்தேன். சத்தம் வராமல் அழுதேன். அழுது முடிப்பதற்குள் கதவைத் தட்டி, "பில் நம்பர் என்னம்மா?" என்றார் அண்ணாச்சி. சொன்னேன். மனப்பாடமாக இருந்தது.

மறுநாள் காலை இரண்டாவது கடிதம் எழுதினேன். தினமும் பத்து மணி முதல் நாலு மணி வரை, கயிற்றுக் கடை மாடியில் உள்ள அலுவலகத்தில் மட்டும் வேலை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அண்ணாச்சி பென்சிலோடு படித்தார். டிக் போடவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"நான் உனக்கு என்னம்மா குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கல அண்ணாச்சி. எனக்கு ஆபீஸ்ல இருந்து வீட்டுக்குப் போவணும். இப்பம் வீட்ல இருந்து வீட்டுக்குப் போவ முடியல."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மாமனாரும் விசிலைத் தொடவில்லை. பிறகு அண்ணாச்சி, யாரிடமோ சொல்வது போல, தன் வீட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒரு மாதத்துக்குப் போனவர், இரண்டு வருடமாகிறது. புதுக்கோட்டை வீட்டில் மிக்சி ஓடும் சத்தம்கூடக் கிடையாது. இங்கே வந்தால் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும் என்றார். பதிமூன்று வருடத்தில் அவர் வீட்டைப் பற்றி நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவ கேக்குதது சரிதான்," என்றார் மாமனார். "எனக்குத்தான் இப்பம் நடக்க வருதுல்லா."

அண்ணாச்சி பென்சிலை எடுத்து எல்லா வரிக்கும் டிக் போட்டார். கடைசியில் கையால் ஒரு வரி சேர்த்தார்: வீட்டில் இருந்து போன் வந்தால் உடனே போகலாம், எழுதித் தர வேண்டாம். பிளெக்சிபிள் என்ற வார்த்தையை அவர் அன்று சொல்லவில்லை. அதற்கு அப்புறமும் சொல்லிக் கேட்டதில்லை.

குட்டியானை வந்து எல்லாவற்றையும் திருப்பி ஏற்றிக்கொண்டு போனது. மகள் நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பாள். இருவரும் உப்புக்காற்றில் வீட்டுக்கு வருவோம். மத்தியானம் எதிர்வீட்டு அக்கா ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். முன்னறை பெரிதாகிவிட்டது. மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. முதல் வாரம் முழுக்கக் கால் வலிக்கிறது என்றார். டாக்டர் பார்த்துவிட்டுக் காலில் ஒன்றுமில்லை என்றார்.

இப்போது சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டியதும் அண்ணாச்சி ஒரு கிலோ சீலா மீனோ ஊளி மீனோ வாங்கிக்கொண்டு, ஃபைல் எதுவும் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். குழம்பு வைப்பேன். சாப்பிட்டுவிட்டு அவரும் மாமனாரும் முன்னறையில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள். நானும் மகளும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து மணி வரை தூங்குவோம். அவ்வளவு நேரம் அவர்கள் என்னதான் பேசுகிறார்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை.